லிஃப்டுக்குள் ஒரு சண்டை

லிஃப்ட் ஒரு முக்கு முக்கிவிட்டுப் பாதியிலேயே நின்றுவிட்டது.

"மாதாவே!" என்று அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் பிலோமி.

தரைக்கடியில் இருக்கிற அந்த ஸ்டேஷனைத் திறந்த புதுசில் லிஃப்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. கடல் காற்று குடித்துக் குடித்து இப்போது பல்லை இளிக்க ஆரம்பித்துவிட்டது. "இத நம்பி எவன் ஏறுவான்? நான் படியில வர்றேன்" என்று அவள் புருஷன் வால்டர் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்பா சாலமனுக்கு முட்டிவலி. அவருக்கு லிஃப்டை விட்டால் வேறு வழியில்லை.

உள்ளே மூன்றே பேர். மூன்றாவது ஆள், காலி மீன் கூடையோடு ஒரு நடுவயசுப் பெண்.

பிலோமி மணி பட்டனை அமுக்கினாள். ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது.

"பயப்படாதீங்க மேடம். மெக்கானிக் வந்துட்டே இருக்கார்."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க சார், வயசானவரு கீறாரு!"

வால்டரைக் கூப்பிடலாம் என்றால் போனில் டவர் இல்லை. மேலே ஃபேனும் நின்றுவிட்டது. சாலமன் அப்படியே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கூடைக்காரி அவரையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, திங்கறதுக்கு எதுனா வெச்சிகினு கீறியா?"

பிலோமிக்குச் சுர்ரென்று ஏறியது. நடுவழியில் தொங்குகிற நேரத்தில் இவளுக்குத் தீனி கேட்கிறதா?

"ஒண்ணும் இல்ல. பையி என் வூட்டுக்காரர் கையில கீது."

சாலமனின் கண்கள் செருகின. தூங்கினால் நல்லதுதான், பயம் தெரியாது என்று நினைத்த பிலோமி, பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஏ பெருசு! கண்ணத் தொற!"

கூடையைத் தரையில் ஓங்கித் தட்டினாள் அவள். சாலமன் திடுக்கிட்டு விழித்தார்.

"இன்னாக்கா நீ? நைனாவுக்கு ரத்த டெஸ்ட்டு. ராத்திரிலேர்ந்து வெறும் வயிறு. சக்கர மாத்திரய மட்டும் நான்தான் மறக்காம குடுத்து இட்டாந்தேன். களைப்பா கீறாரு, தூங்கட்டும் வுடு."

கூடைக்காரியின் முகம் மாறியது.

"அதெல்லாம் வுட முடியாது. இன்னா பெருசு, ராயபுரமா நீ? உங்க ராயபுரத்துல மீனு தின்னத் தெரிஞ்சவன் எவன் கீறான்? சீலாவக் காட்டி வஞ்சிரம்னு சொன்னா, வாங்கிகினு போற கூட்டம்!"

"யார... யாரப் பாத்து..." சாலமனுக்கு நாக்கு குழறியது.

"உன்னத்தான். நெத்திலி கொழம்புல தேங்கா அரைச்சி ஊத்துற ஜனம்தான நீங்க?"

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுவதையும் தூங்கியே கழிக்கிற மனுஷன், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எவன் ஊத்தினான்? எங்க வூட்ல... மாங்கா போடுவாங்க, மாங்கா!"

"எந்த மாங்கா? பேரச் சொல்லு!"

"கிளி... கிளிமூக்கு..."

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும், வாய மூடு!" என்று பிலோமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் எங்கே மூடினாள்? சாலமனின் கண் செருகும்போதெல்லாம் ஒரு வசவு. அது போதாதென்று கன்னத்தில் ஒரு தட்டு வேறு.

பெற்ற மகள் கண்ணெதிரிலேயே அப்பன் கன்னத்தில் தட்டுகிறாள்! பிலோமிக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போனதும் இவளைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

ஒருவழியாக லிஃப்ட் குலுங்கியது. ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்க் கதவைத் திறந்தது.

எதிரே ஸ்டேஷன் ஊழியர் ஒருவர். பக்கத்தில் வால்டர், மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சியபடி முழித்துக்கொண்டு நின்றான்.

"சார், இந்தப் பொம்பளய மொதல்ல புடிங்க! முடியாத மனுசன அடிச்சிகினே வருது!"

கூடைக்காரி ஒரே பாய்ச்சலில் வால்டர் கையிலிருந்த ஜூஸைப் பிடுங்கினாள்.

"பாத்தீங்களா சார்? உள்ளயும் திங்கத்தான் கேட்டுச்சு!"

அவள் காதில் எதுவும் விழவில்லை. திரும்பி ஓடிவந்து மண்டியிட்டு, ஸ்ட்ராவைச் சாலமனின் வாயில் வைத்தாள்.

"உறிஞ்சு பெருசு. மெதுவா. இன்னும் கொஞ்சம்."

வால்டரை விரட்டி இன்னொரு பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். அதுவும் முடிகிற நேரத்தில் சாலமனின் முகம் தெளிந்தது.

"எங்க வூட்டு நெத்திலி கொழம்ப ஒரு நாள் வந்து தின்னு பாரு, அப்பால பேசு" என்றார் அவர், கணீரென்று.

பிலோமிக்கு இப்போதுதான் உறைத்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை; சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது. கொடுத்தது அவளேதான்.

"உள்ளயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா நீ அலறுவ. உன்னப் பாத்து பெருசும் பயந்துடும். உள்ளதான் ஒரு சாக்லேட்டு கூட இல்லியே."

காசிமேட்டில் இந்நேரம் மீன் ஏலம் முடிந்திருக்கும். அவள் காலிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரும் இப்டித்தாம்மா, பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சாரு. களைப்பா கீறாரு, தூங்கட்டும்னு நான் வுட்டுட்டேன்."