கரையேறியதும் கேட்க ஒரு வாக்கியம்

ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. இத்தாலிய மொழி கற்றுத்தரும் புத்தகத்தை மடியில் விரித்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளை போல வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, பெரியம்மாவே கிளம்பிட்டாங்க," என்றார் மீன் கூடையைக் காலுக்கிடையில் வைத்திருந்தவர். "இனிமே இந்த ஊர்ல மிச்சம் இருக்கப்போறது நானும் பூனைங்களும்தான்."

பெட்டியில் சிரிப்பு எழுந்தது. கால்பந்துப் பந்தயச் சீட்டில் மூழ்கியிருந்தவன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். அம்மாள் மட்டும் நிமிரவில்லை.

சலுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தூனிஸ் நகரில் ஒரு தையல் ஆலையில் அவளுக்கு வேலை. கணவன் அன்வர் பட்டம் வாங்கி ஆறு வருடமாகியும் வீட்டில்தான் இருந்தான். வியாழக்கிழமை கடல் தாண்டி இத்தாலிக்குக் கள்ளத்தனமாகப் புறப்படும் படகில் மூன்று பேருக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறான். 'சரியா, இல்லையா' என்று இன்று மாலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வயதில் இந்த அம்மாளே துணிந்துவிட்டாள் என்றால், தனக்கு என்ன வந்தது?

அம்மாள் பக்கத்தில் இடம் காலியானதும் சலுவா எழுந்து போய் உட்கார்ந்தாள். புத்தகத்தில் ஒரு பக்கம் அரபி, எதிர்ப்பக்கம் இத்தாலியம். வேலை தேடுவது, வீடு தேடுவது பற்றிய பக்கங்கள் கசங்காமல் புதிதாக இருந்தன. உடலின் உறுப்புகள், உடைகளின் பெயர்கள், நிறங்கள், எண்கள் உள்ள பக்கங்களில்தான் பென்சில் கோடுகள். 'தோள்', 'தழும்பு', 'நீலச் சட்டை'.

"வயசானவங்களைக் குளிப்பாட்டி விடுற வேலையா பெரியம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அதுக்கு அங்க நிறைய ஆள் எடுக்குறாங்கன்னு சொல்றாங்க."

"வேலைக்குப் போகல பொண்ணே. என் மகன் அங்க இருக்கான். ரம்ஸி."

"எத்தனை வருஷமா?"

"மார்ச் வந்தா ரெண்டு வருஷம்."

"எந்த ஊர்ல?"

"அதை அங்க போய்த்தான் விசாரிக்கணும்."

விலாசம்கூடச் சொல்லாத பிள்ளை. ஆம்பளைப் பிள்ளைகளே இப்படித்தான் என்று சலுவா நினைத்துக்கொண்டாள். "விசா?"

"ஒரு சங்கத்துக்காரங்க அலைஞ்சு வாங்கிக் கொடுத்தாங்க. இருபது நாள்தான்."

"இருபது நாளா இருந்தா என்ன? போய்ச் சேர்ந்துட்டா யாரு திரும்பி வரப்போறாங்க."

அம்மாள் விரலால் ஒரு எண்ணைத் தொட்டு, கண்ணை மூடி, அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி, அழுக்குத் தகரம் போல அசையாமல் கிடந்தது.

யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது சலுவாவுக்குச் சுலபமாக இருந்தது. "நாங்களும் போறோம். வியாழக்கிழமை. எங்களுக்கெல்லாம் யாரு விசா கொடுப்பா? படகுலதான்."

அம்மாள் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் உன் வீட்டுக்காரனுமா?"

"எங்க பொண்ணும். மூணு வயசு. வழியில அழுதா எல்லாருக்கும் ஆபத்துன்னு, இருமல் மருந்து கொடுத்துத் தூங்க வெச்சிரணுமாம். நேத்தே வாங்கிட்டேன்." கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பயமாத்தான் இருந்துச்சு பெரியம்மா. உங்க கையில இந்தப் புத்தகத்தைப் பாத்ததும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு."

அம்மாள் அந்தக் கைப்பையையே பார்த்தாள்.

"எனக்கு அந்தப் பாஷையில ஒரு எழுத்துகூடத் தெரியாது," என்றாள் சலுவா. "ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்களேன். அங்க இறங்கினதும் நீங்க முதல்ல என்ன கேப்பீங்களோ, அதையே நானும் கேட்டுக்குறேன்."

அம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு, நிறுத்தி நிறுத்தி, தட்டுத் தடுமாறாமல் ஒரு வாக்கியம் சொன்னாள். எத்தனை நூறு தடவை சொல்லிப் பார்த்தாளோ, அவ்வளவு சுத்தமாக வந்தது.

சலுவா திருப்பிச் சொன்னாள். முதல் தடவை நாக்கு புரண்டது. இரண்டாவது தடவை தேறியது. மூன்றாவது தடவை அவளுக்கே அது பாட்டு போல இனித்தது.

"மகராசி, ஒரே நாள்ல இத்தாலிக்காரி ஆயிட்டா," என்றார் மீன் கூடைக்காரர். சலுவா சிரித்தாள். பத்து நாளில் இன்றுதான் சிரிக்கிறாள்.

ரயில் வேகம் குறைந்தது. மாலை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இறங்கியதுமே அன்வருக்கு ஃபோன் செய்து 'சரி' என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். கதவுவரை போனவள், நினைவு வந்து திரும்பினாள்.

"அர்த்தம் சொல்லவே இல்லையே பெரியம்மா?"

அம்மாள் எழுந்து வந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"'கடல்ல எடுத்த பிணங்களை எங்க புதைச்சிருக்கீங்க?'"