ஊசி படாத இடம்

"உடைச்சே பாத்துடலாம் சார். சுத்தியல் நானே கொண்டு வந்திருக்கேன்."

கொழுந்தன் பையைத் திறந்து காட்டினான். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொறுங்க. முதல்ல கல் வெளியே வரட்டும்" என்றார் கல் சோதிப்பவர்.

துரு போவதற்காக நேற்றே அமிலத்தில் ஊறப்போட்டிருந்தார். இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் நன்றாக அலசி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். செங்கல் துண்டு மாதிரி வந்த கல், பால் வெள்ளையாகியிருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. ஓரத்திலும் மஞ்சளாகச் சில புள்ளிகள்.

அண்ணியின் கணவர் மலைப்பக்கம் வேலைக்குப் போன காலத்தில் எடுத்து வந்தது. அவர் இறந்த பிறகு, வீடு தம்பி பேருக்குப் போய்விட்டது. அவளுக்கு மிஞ்சியது இந்தக் கல் ஒன்றுதான். தங்கம் இருந்தால் அதிலும் பாதி தனக்கு என்று நின்றான் தம்பி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அவனுக்கும் ஒரு படி மேலே.

"எங்க அக்காவுக்கு இது கல் இல்ல சார், கோட்டை. தலைமாட்டுல வெச்சாத்தான் தூக்கமே வரும்."

"அவர் கையால எடுத்த கல்லு" என்றாள் அண்ணி மெதுவாக.

"பின்ன, காலாலயா எடுப்பாங்க?"

கொழுந்தன் சிரித்தான். கல் சோதிப்பவர் சிரிக்கவில்லை. லென்ஸைக் கண்ணருகே பிடித்து, ஓரத்துப் புள்ளி ஒன்றை ஊசியால் அழுத்தினார். கறுப்பாகப் பொடி உதிர்ந்தது.

"தங்கம்னா ஊசி பட்ட இடம் பள்ளம் விழும், இப்படி உதிராது. இது பைரைட். இரும்பும் கந்தகமும். பாக்கத்தான் தங்கம்."

"அப்ப ஒண்ணும் தேறாதா?"

"அலமாரியில வெச்சா அழகா இருக்கும்."

"நான் அப்பவே சொல்லல?" என்று கணவனை இடித்தாள் அவன் மனைவி. "இதுக்குப் போய் லீவு வேற. இனிமே பங்கு கிங்குன்னு வாயத் தொறந்தீங்க, ஊரே சிரிக்கும். அந்தப் பாரத்தை அவங்களே சுமக்கட்டும்."

கொழுந்தன் சுத்தியலோடு எழுந்தான். "நீங்களே வெச்சுக்குங்க அண்ணி. எனக்கு வேணாம்."

அண்ணி கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. கல் சோதிப்பவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று கொழுந்தன் மனைவி மட்டும் பின்தங்கினாள். அவர்கள் படியிறங்கும் வரை குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"சார், தங்கமே இருந்தாலும் இல்லன்னு சொல்லிடுங்கன்னு காலையில வந்து கெஞ்சினேனே. அதுக்காகச் சொன்னீங்களா, இல்ல நெஜமாவே ஒண்ணும் இல்லயா?"

"நடுக்கோட்டுப் பக்கம் இப்ப ஊசியே கொண்டு போகலம்மா. காலையில நீங்க போனதுமே கல்லை வெளியே எடுத்து அந்தக் கோட்டைக் குத்திப் பாத்துட்டேன். பள்ளம் விழுந்துச்சு. தங்கம்தான்."

அவள் குழாயை மூடினாள். கை ஈரத்தைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"போற வழியிலயே அவங்க காதுல போட்டுடுங்களேன். பாவம், அழுதுக்கிட்டே போறாங்க."

"இல்ல சார். திங்கக்கிழமை இவர் வேலைக்குப் போனதும் ஏதாவது சாக்குச் சொல்லித் தனியா அனுப்பறேன். நீங்கதான் சொல்லணும்."

வாசல்வரை போனவள் நின்றாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. இத்தனை நாள் என் வாயில பேச்சு வாங்கினவங்க இல்லையா."