கெட்டி

"டப்பாவைத் திறங்க ஐயா."

திறந்தார்.

சீருடைப் பெண் குனிந்து முகர்ந்து பார்த்தாள். விமான நிலைய வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்களும், வேண்டியோ வேண்டாமலோ, முகர்ந்தார்கள். மீன் குழம்புக்கு இடம் பொருள் ஏவல் எல்லாம் தெரியாது.

"மீன் குழம்பா?"

"குழம்புதாம்மா. மீன் இல்ல."

உண்மைதான். மீன் துண்டுகளைக் குழம்பு வைத்த அன்றைக்கே அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். மிச்சக் குழம்பை அவர் மனைவி லூர்தம்மாள் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். மறுநாள் விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்தது. முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. வந்த சொந்தக்காரர்கள் மாவையும் ஊறுகாயையும் கூடக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவள் கைபட்ட பண்டம் என்று வீட்டில் மிஞ்சியது இந்த டப்பா ஒன்றுதான்.

அதைக் கேட்டவள் மகள்.

மெர்சலின் பெங்களூரில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாயின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள். நகை வேண்டாம், சேலை வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா வைத்த குழம்பு போதும் என்றாள்.

"கையிலயே கொண்டு வாங்கப்பா. பெட்டியில போட்டா தூக்கி எறிஞ்சு உடைச்சிருவாங்க. ஆனா தண்ணியா இருந்தா உள்ள விடமாட்டாங்க. கெட்டியா இருக்கணும். கெட்டியா இருந்தாத்தான் விடுவாங்களாம்."

சரி என்றார்.

குழம்பைக் கெட்டியாக்குவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மிச்சக் குழம்பை லூர்தம்மாள் சுண்ட வைப்பதைக் கல்யாணமான நாள் முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பார்த்ததோடு சரி.

இன்று காலை டப்பாவை வெளியே எடுத்தார். கருங்கல் மாதிரி இருந்தது. வெந்நீரில் வைத்து இளக்கினார். சட்டியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அவள் சமைக்கும் வாசனை.

அவர் கரண்டியோடு நின்றார்.

இப்போதாவது அழுகை வரும் என்று பார்த்தார். வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி நெஞ்சு அது பாட்டுக்கு இருந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

வாசனை மாறியது அவருக்குத் தெரியவில்லை. புகை வந்த பிறகுதான் தெரிந்தது. அடிப்பிடித்திருந்தது. சுரண்டி வழித்து டப்பாவில் போட்டார். கன்னங்கரேல் என்று, கால்வாசிதான் இருந்தது. ஆனால் கெட்டியாக இருந்தது. மகள் கேட்டதும் அதுதானே.

"இது பேஸ்ட் மாதிரில்லா இருக்கு ஐயா," என்றாள் சீருடைப் பெண். "பேஸ்ட்டும் தண்ணிக் கணக்குதான். விட முடியாது."

"கெட்டியா இருந்தா விடுவீங்கன்னு மக சொன்னாளே."

"கெட்டின்னா, ஐஸ்கட்டியா உறைஞ்சு இருக்கிறதச் சொல்லியிருப்பாங்க. அப்படி இருந்தாக்கூட சூப்பர்வைசர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருப்பேன். இது கொழகொழன்னு இருக்கே."

அவர் டப்பாவைப் பார்த்தார்.

மகள் சொன்ன கெட்டி வேறு. அவர் காதில் விழுந்த கெட்டி வேறு.

ஃப்ரீசரில் இருந்ததை இருந்தபடியே எடுத்து வந்திருந்தால் போதும். ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். இத்தனை வருடமாக அந்த அடுக்களையில் அவர் செய்துவந்தது அதைத்தான்.

பின்னால் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள்.

"வேணும்னா ஓரமா நின்னு சாப்பிட்டுட்டு வாங்க ஐயா. உங்க பைய நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல பிள்ளை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

சோறு இல்லை. கரண்டி இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

உப்பு. கரி.

இன்னொரு தடவை வழித்தார். புளிப்பு எங்கோ அடியில் இருந்தது. லூர்தம்மாள் இல்லை.

அவள் வைத்த குழம்பு காலையிலேயே அடுப்பில் ஆவியாகிப் போய்விட்டது. இது அவர் வைத்தது. ஆயுசில் அவர் வைத்த முதல் குழம்பு.

மூடியை நான்கு பக்கமும் அழுத்தி மூடினார். பிடுங்கிய தண்ணீர் பாட்டில்களும் சென்ட் பாட்டில்களும் கிடந்த தொட்டிக்குள், சத்தம் வராமல் வைத்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மெர்சலின் கூப்பிட்டாள்.

"உள்ள போயிட்டீங்களாப்பா? குழம்ப விட்டாங்களா?"

கருகியது என்று சொல்ல வாய் வரவில்லை. படுத்துக் கிடக்கிற பிள்ளை.

"விடலம்மா. அங்கயே நின்னு நான் சாப்பிட்டுட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தார்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

தினமும் மதியம் அவர் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு லூர்தம்மாள் கேட்கும் கேள்வி. ஒரு நாளும் அவர் பதில் சொன்னதில்லை. தட்டை நீட்டுவார். அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பாள். அதுதான் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாளா, அதுவும் அவருக்குத் தெரியாது.

நாக்கில் கரி இன்னும் கசந்தது.

"நல்லா இருந்துச்சு," என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் பேச அவ்வளவு சத்தம் தேவையில்லை.