பாதிச் சவரம்

"சிஸ்டர், இந்த ஊசியைக் கழட்டி விடுங்க. நான் போயே ஆகணும்!"

"எங்க போறீங்க? உடம்பு உலை மாதிரி கொதிக்குது. நாலு எட்டு வெச்சா சுருண்டு விழுந்துடுவீங்க," என்று சலூன்காரரை மறுபடியும் கட்டிலில் சாய்த்தார் நர்ஸ்.

சலூன்காரர் மனைவியோடு இந்த நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் அவர் கடையைக் கொளுத்திவிட்டார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டு வழியாக வந்தார்கள். அங்கே கடித்த கொசுவின் வேலை, இங்கே முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குளிர்காய்ச்சலாகத் தலைகாட்டியது. மலேரியா என்றார் டாக்டர். நல்ல மருந்து இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றும் சொன்னார்.

சலூன்காரருக்குக் காய்ச்சலைப் பற்றிக் கவலை இல்லை. இன்று பத்து மணிக்கு அவருடைய விசாரணை. இங்கேயே இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பது அதில்தான் முடிவாகும்.

"நீங்க படுங்க. நான் ஓடிப்போய் வேற தேதி கேட்டுட்டு வரேன்," என்று மனைவி கிளம்பினாள். சொன்ன மாதிரியே ஓடினாள்.

பக்கத்துக் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தள்ளி வைப்பாங்க தம்பி. நிம்மதியா இருங்க."

"உங்களுக்கென்ன சார், சுலபமா சொல்லிட்டீங்க! வரலைன்னா பொய் சொல்ற ஆளுன்னு முடிவு கட்டிடுவாங்களாம்."

போர்வை விலகியது. ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். புதர் மாதிரி தாடி.

"உங்களுக்கும் மலேரியாவா சார்?"

"ஆமா. மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தேன். கொசுக்கடி அதிகம், முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கோங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. கேட்கலை. வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்க சார், எங்களை எல்லையில ஆயிரம் கேள்வி கேட்டாங்க. கூடவே வந்த இந்தக் கிருமியை ஒருத்தரும் நீ யாருன்னு கேட்கலை!"

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

மருந்து பாட்டில் காலியானதும் நர்ஸ் ஊசியைக் கழற்றினார். வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியதும் சலூன்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து உட்கார்ந்தார், படுத்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க தாடியைப் பார்க்கப் பார்க்க என் கை பரபரங்குது. எடுத்து விடட்டுமா? சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"தாராளமா!"

நர்ஸ் முதலில் முறைத்தார். பிறகு அவரே வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். சலூன்காரர் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த சவரக் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, புது பிளேடைச் சொருகி, நுரை போட்டு, கன்னத்தில் இழுக்க ஆரம்பித்தார். கை வேலையில் இறங்கியதும் வாயும் திறந்துகொண்டது.

"அந்த விசாரணை அதிகாரி இருக்காரே, மகா முசுடாம் அண்ணே. சிரிச்சு யாருமே பார்த்ததில்லையாம். முகாம்ல பேரே 'கருங்கல்'தான்."

"தம்பி, அது வந்து..."

"பேசாதீங்க, பிளேடு பட்டுடும். அந்த ஆளு முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன்? என் கடையில மூணு நாற்காலி. யார் வந்தாலும் எந்தக் கட்சி, எந்த சாமின்னு கேட்டதில்லை. எல்லார் தலையும் எனக்கு ஒண்ணுதான். அதுதான் நான் செஞ்ச தப்பாம். கொளுத்திட்டாங்க. இதைச் சொன்னா கருங்கல்லுக்கு உறைக்குமா?"

நுரைக்கு மேலே அந்த மனிதரின் கண்கள் கலங்கியிருந்தன. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்துச் சலூன்காரர் துண்டால் ஒற்றிவிட்டார்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"மோவாயைத் தூக்குங்க. ஒரு கன்னம் முடிஞ்சுது, கழுத்துக்கு வந்துட்டேன். இந்த இடத்துல மட்டும் மூச்சுகூட மெதுவா விடணும். அந்தக் கருங்கல் மட்டும் இப்படி என் கையில சிக்கட்டும், அப்ப தெரியும் சேதி!"

கழுத்தில் எச்சில் விழுங்கும் அசைவு ஏறி இறங்கியது.

அப்போது வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏங்க! நமக்கு ஒண்ணும் ஆகலைங்க! இன்னைக்கு யாருக்குமே விசாரணை கிடையாதாம். அந்த அதிகாரி உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில படுத்துட்டாராம்!"

சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தார். அடுத்த நொடியே முகம் வாடியது.

"ஐயோ பாவம். வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே. எந்த ஆஸ்பத்திரியில எப்படிக் கிடக்கறாரோ! நல்லபடியா எழுந்து வரணும் மனுஷன்."

"வந்துடுவேன் தம்பி, முதல்ல மீதிக் கன்னத்தை முடிச்சு விடுங்க," என்றார் நுரைக்குள்ளிருந்து அந்த மனிதர். "ஆனா உங்க வழக்கை வேற அதிகாரிக்குத்தான் மாத்தணும், சிநேகிதனோட வழக்கை நான் விசாரிக்கக் கூடாது பாருங்க!"