துவக்குக்குச் சட்டை

"இண்டைக்கு மட்டும் அந்தச் சனியனுகளை ஒளியுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து போகட்டும். பிறகு தலையிலை கட்டிக்கொண்டு திரியுங்கோ!"

தவமலர் போட்ட சத்தம் அந்த வெள்ளவத்தை அடுக்குமாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

மற்ற வீட்டு ஆண்களுக்கு லீவு நாள் வந்தால் கிரிக்கெட், இல்லாவிட்டால் ஒரு நல்ல தூக்கம். அவளின் புருஷன், இன்சூரன்ஸ் கம்பனி மனேஜர் புஷ்பராஜுக்கோ மாட்டுத்தோல்! யூடியூப் பார்த்துப் பழகி, மரத்தில் ஒரு பிஸ்டல் செதுக்கி வைத்திருந்தார். நனைத்த தோலை அதன்மேல் அழுத்திப் பிடித்து, காய்ந்ததும் இடுப்பில் கொழுவுகிற உறையாகத் தைப்பார். நிஜத் துவக்கை மனிதர் கையால் தொட்டதே கிடையாது.

"துவக்கில்லாத மனிசன் துவக்குக்குச் சட்டை தைக்குது" என்று தவமலர் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை.

"உறை சுடுறதுக்கில்லையப்பா. அது தவறி வெடிக்காமல் இருக்கத்தான். விசையிலை ஒண்டும் படாமல் மூடி வைக்கும்" என்றார் புஷ்பராஜ்.

"பெரிய கண்டுபிடிப்பு! செக்பொயின்ற்றிலை கையைத் தூக்கிக்கொண்டு நிண்ட சனம் நாங்கள். கண்டால் என்ன நினைப்பினம்?"

அத்தனை உறைகளையும் அள்ளிக்கொண்டு போய், பாத்ரூமில் இருந்த வோஷிங் மெஷினுக்குள் திணித்து மூடினாள்.

மகள் சாருஜாவும் சாரங்கனும் ஒரே வங்கியில் வேலை. இருவருக்கும் விருப்பம். சாரங்கனின் தாய் ஜெகதீஸ்வரி இறங்கி வரத்தான் இவ்வளவு காலம் எடுத்தது. இன்றைக்கு அவரின் வாயிலிருந்து 'ஓம்' வந்தால் கலியாணம்.

ஜெகதீஸ்வரி பட்டுச்சேலையும் பெரிய கறுப்புக் கைப்பையுமாக வந்தார். புறக்கோட்டையில் நகைக்கடை வைத்திருக்கும் கணவர் நாகேந்திரம், கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்திருந்தார். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று சாரங்கன் வரவில்லை.

"பாக்கை இஞ்சை வைக்கட்டே, அன்ரி?" சாருஜா கை நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை, என்னட்டையே இருக்கட்டும்." வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நகை கிகை கொண்டு வந்திருக்கிறாவாக்கும் என்று தவமலர் சந்தோஷப்பட்டாள்.

சாதகம் பொருந்தியது. வடையும் பிடித்திருந்தது. அடுத்த பேச்சு நாள் குறிப்பதுதான் என்றிருந்த நேரத்தில், "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டு, பையோடு எழுந்து போனார் ஜெகதீஸ்வரி.

திரும்பி வரும்போது அவரின் இரண்டு விரல்களுக்கு நடுவே, செத்த எலியைப் போல, ஒரு தோல் உறை தொங்கியது. வார் ஒன்று மெஷின் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம்.

"உது என்ன?"

"சும்மா பொழுதுபோக்குக்குத் தைக்கிறனான், அக்கா. பிஸ்டல் உறை" என்றார் புஷ்பராஜ்.

"பொழுதுபோக்கோ? எங்கடை சனம் துவக்காலை பட்டது போதாதே? துவக்கு எண்ட சொல்லே எங்கடை வீட்டிலை எடுக்கிறேல்லை. அதுவும் மாட்டுத்தோல்! வெள்ளிக்கிழமையிலை முட்டை கூட உள்ளுக்கை எடுக்காத ஆக்கள் நாங்கள்."

உறையை நிலத்தில் எறிந்துவிட்டு, திரும்பவும் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"உதைத் தைக்கிற கையாலை கன்னிகாதானம் செய்து தரப்போறீரோ? மனிசராப் பிறந்தால் ஒரு தராதரம் வேணும்!"

நாகேந்திரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவமலருக்குப் புருஷனின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்த சாருஜா அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தச் சம்பந்தம் சரிவராது. எழும்புங்கோப்பா!"

ஜெகதீஸ்வரி விசுக்கென்று திரும்பினார். பையின் வார் கதிரையின் கையில் மாட்டி இழுபட, பை தலைகீழாக விழுந்து வாய் பிளந்தது.

திருநீற்றுப் பொட்டலம் விழுந்தது. சாவிக்கொத்து விழுந்தது. அதோடு கறுப்பாக ஒரு பிஸ்டல் வழுக்கிக்கொண்டு போய், சாருஜாவின் காலைப் பார்த்தபடி நின்றது. சாவிக்கொத்தின் வளையம் அதன் விசையில் கொழுவியிருந்தது.



"ஒருத்தரும் தொடாதேங்கோ!" புஷ்பராஜ் மகளை இழுத்து அப்பால் விட்டார். "லோட் பண்ணியிருக்கோ?"

"ஓம்..." நாகேந்திரம் முன்னால் வந்தார். "லைசன்ஸ் இருக்கு. கடையிலை களவு போன பிறகு எடுத்தது. சம்பந்தம் பேசுற வீட்டுக்கு இடுப்பிலை கொழுவிக்கொண்டு போகேலாது எண்டு இவதான் தன்ரை பாக்கிலை போடச் சொன்னவ."



நாகேந்திரம் குனிந்து வளையத்தைக் கழற்றி எடுத்தார். பிஸ்டலைத் திரும்பவும் பைக்குள் போடப் போனார். ஜெகதீஸ்வரியும் பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

"சரி, சரி, நடந்தது நடந்துபோச்சு. இருங்கோ, ஆறுதலாக் கதைப்பம்" என்றார், இப்போது தேன் ஒழுகுகிற குரலில்.

தவமலர் குனிந்து, நிலத்தில் கிடந்த உறையை எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்து, ஜெகதீஸ்வரியின் கையில் வைத்தாள்.

"கலியாணத்தைப் பற்றி நாங்களும் யோசிச்சுத்தான் சொல்ல வேணும், அக்கா. இப்ப அதை இதுக்குள்ளை வைச்சுக் கவனமாக் கொண்டு போங்கோ. மாட்டுத்தோல்தான், வீட்டை போய்க் கையைக் கழுவுங்கோ."