ஜாமீன் தம்பதி

எந்த நாட்டின் கையெழுத்தையும் வளர்ச்சி வங்கி இப்போது நம்புவதில்லை. எதிரெதிர் அணி நாடுகளில் பிறந்து ஒரே வீட்டில் வாழும் தம்பதியின் ஜாமீனில்தான் கடன் தருகிறது. நாகப்பட்டினத்துக் குடிநீர் ஆலைக்கு அருள்ராஜும் அவனுடைய யாழ்ப்பாணத்து மனைவி தமயந்தியும் ஜாமீன்.

இன்று அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். அவள் வைத்த தேங்காய்ப்பால் சொதியை விருந்தாளிகள் முன்னால் அவன் கேலி செய்திருந்தான்.

"நீங்க பிரிஞ்சா ஆலை நின்னுடும்மா" என்று வங்கி அதிகாரி சகாயம் கெஞ்சினார்.

"தண்ணிக்காக ஒரு மனுசனோட இருக்கேலாது, ஐயா."

அருள்ராஜ் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். "ஆலை நின்னா நிக்கட்டும். நீ போகாத. நான் பேசினது தப்பு."

தமயந்தி செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"அப்போ இந்த வருஷ ஜாமீன் கையெழுத்து..." என்று இழுத்தார் சகாயம்.

"நாளைக்கு வாங்கோ. நாங்கள் இன்னும் சண்டை பிடிச்சு முடிக்கேல்லை."