ஆறாத துண்டு

அண்ணன் இறந்த அன்று விட்ட சிகரெட்டை, தெருவே ‘தம்பி’ என்று கூப்பிடும் சலூன்காரன் ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் நின்று மறுபடியும் பற்றவைத்துவிட்டான். பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் பாழாய்ப் போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

அவனுடைய நாற்காலியின் கைப்பிடியில் ஈரத் துண்டு ஒன்று ஆவி பறக்கக் கிடந்தது.

அவன் புகைத்துவிட்டு வரும்போதெல்லாம் அண்ணன்தான் வெந்நீரில் துண்டைப் பிழிந்து அங்கே வைப்பார். ஒரு நாளும் ஏசியதில்லை. “கையைத் தொடைச்சுக்கோடா, அடுத்தவங்க மூக்குக்கிட்ட போற விரலு,” என்பதோடு சரி. தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் அவர் இறந்த வாரமே பழுதாகி, இன்னும் மூலையில்தான் கிடக்கிறது.

தம்பி ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். நெஞ்சுப் பாரம் இறங்கியது. “சரிண்ணே,” என்றான், பக்கத்திலிருந்த அண்ணனின் காலி நாற்காலியைப் பார்த்து. சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டான்.

ஷேவ் செய்துகொள்ள வந்த தபால்காரர் துண்டைத் தொட்டுப் பார்த்தார். “என்னப்பா, ஹீட்டரைச் சரி பண்ணிட்டியா?”

“இன்னும் இல்லைங்க.”

“பின்ன இது?”

“அண்ணன் வச்சது.”

தபால்காரர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

கடை அடைக்கும்வரை துண்டு ஆறவேயில்லை. தம்பி அதை அண்ணனின் நாற்காலியில் விரித்துவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் வந்து திறந்தபோது, துண்டு அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தது. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.